சுற்றாத டிஸ்க்

வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். கூடத்து மூலையில் மேசை, மேசைக்கடியில் கம்ப்யூட்டர். அதை ஆன் செய்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள். கழுவி முடித்து, துணியும் காயப்போட்டுவிட்டு வந்தால் பாதித் திரை வந்திருக்கும். ஏதாவது படத்தைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் நறநறவென்று பல்லைக் கடிக்கும்.

கணவர் பஸ் டிரைவர். தன் வீட்டில் ஒன்று இப்படி ஊர்ந்துகொண்டு கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. லீவு நாளில் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்ட, அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வந்தார். பிரித்துக் கையில் எடுத்ததும் முகம் தொங்கிப்போனது.

"என்ன இது, காத்தாட்டம் இருக்கு? உள்ள எதையும் வைக்க மறந்துட்டானா?"

"பழைய டிஸ்க்ல தட்டு சுத்தும்ங்க. இதுல எதுவும் சுத்தாது."

"எதுவுமே சுத்தாம எப்படி ஓடும்?"

சந்தேகம் தீராமலேயே கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த தூசியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பழையதில் இருந்ததையெல்லாம் புதியதில் நகலெடுக்க மதியம் தாண்டிவிட்டது. அதன்பின் ஆன் செய்தார்கள். அவள் பழக்கதோஷத்தில் பாத்திரம் கழுவ எழுந்தாள்.

"எங்க போற? வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"எல்லாமே."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. டிப்போவில் சொன்னார், அக்கம்பக்கத்தில் சொன்னார், கடைசியில் 'உடனே'யிடமும் சொல்லிவிட்டார். எதைக் கேட்டாலும் உடனே வேண்டும் என்று நிற்கும் ஒரு கான்ட்ராக்டருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. இத்தனை நாளும் அவர் ஃபோனில் சமையலறையை இடம் மாற்றச் சொன்னால், "கம்ப்யூட்டர் ஸ்லோ சார்" என்று அவள் இழுப்பாள். படம் திறப்பதற்குள் அவருக்கே மனசு மாறிவிடும்.

மறுநாள் காலையிலேயே 'உடனே' வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சமையலறை முன்பக்கம் வந்தது. மாடிப்படி பின்னால் போனது, பிடிக்காமல் திரும்பி வந்தது. குளியலறை வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றியது. ஒவ்வொரு படத்தையும் அவர் சுடச்சுடக் கொத்தனாரின் ஃபோனுக்கு அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் கொத்தனார் அவளைக் கூப்பிட்டார்.

"அம்மா, சுவர் எழுப்பிட்டேன். குளியலறைக்கு ரெண்டு வாசல் இருக்கு. படுக்கையறைக்கு ஒண்ணுகூட இல்ல. படுக்கிறவங்க ஜன்னல் ஏறி வருவாங்களா?"

படத்தைத் திறந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. வாசல் இல்லைதான். குளியலறையை இழுத்துச் சுற்றியதில் படுக்கையறையின் வாசலும் அதோடு போயிருந்தது. இத்தனை வருஷத்தில் வாசலில்லாத அறையை அவள் போட்டதே கிடையாது.

சாயங்காலம் 'உடனே' ஃபோன் செய்தார். அவள் எடுக்காததால் கணவருக்கு அடித்தார். கணவர் தன்னால் முடிந்ததைச் செய்தார்.

"கம்ப்யூட்டர் மறுபடி படுத்துடுச்சு சார். சுத்தமா நகரல."

அவள் ஃபோனைப் பிடுங்கினாள்.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் சார் இருக்கு. வாசல் வைக்க மறந்தது என் தப்பு, இன்னிக்கே சரி பண்ணித் தரேன். ஆனா இனிமே நீங்க சொல்லச் சொல்ல மாத்த மாட்டேன். எல்லாத்தையும் யோசிச்சு வச்சுக்கிட்டு புதன்கிழமை வாங்க. ஒரே தடவைதான்."

 

"புதன்கிழமை காலையிலயா, சாயங்காலமாம்மா?" என்றார் 'உடனே'.

ஃபோனை வைத்ததும் கணவர் சொன்னார்: "அவர்கிட்ட என்னைப் பொய்யனாக்கிட்டியே."

"நான் எங்க ஆக்கினேன்?" என்றபடி அவள் திரையில் படுக்கையறைச் சுவரை உடைத்து வாசல் வைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொத்தனார் மறுநாள் நிஜச் சுவரை உடைத்தார். அவருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.