வகிடெடுத்த கோதுமை

கோதுமை இலையில் முதன்முதலாக முடி முளைத்த காலையில் அதை உருவாக்கியவரின் உச்சந்தலை வழுக்கையானது. இங்கே போனதும் அங்கே வந்ததும் ஒரே அளவு. ஆராய்ச்சிப் பண்ணையில் அவரைக் கோதுமையார் என்பார்கள். முடியுள்ள இலையில் இலைவண்டு முட்டையிடாது என்பதால் காட்டுப்புல்லின் மகரந்தத்தைக் கோதுமையில் தூவிக் கலந்திருந்தார். ஆனால் மரபணு, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, இஷ்டப்பட்டால்தான் முகம் காட்டும். அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடி மொட்டை இலையோடு பிறந்தது. வண்டுகள் அதையே தேடிப் பிடித்தன. மொட்டைகளை மூட அவர் பிடரி முடி போயிற்று, பிறகு மீசை, பிறகு புருவம்.

சோதனைக்கான வண்டுகளைப் பக்கத்து அறையில் வளர்த்தவர் அவர் மனைவி வண்டம்மா. கணவரின் பயிரைத் தின்னவைப்பதற்கே அவருக்குச் சம்பளம்.

"இந்த வருஷமும் என் பிள்ளைங்கதான் ஜெயிக்கும்" என்பார், தட்டில் பரிமாறிக்கொண்டே.

"உன் பிள்ளைங்க வயித்துல மண்ணு விழ" என்பார் இவர், வாய் நிறையச் சோற்றோடு.

இம்முறையும் வண்டு தின்றால் பண்ணையை மூடிவிடுவதாக மேலிடம் சொன்னபின் அந்தப் பேச்சு நின்றது. சோதனைக்கு முந்தைய மாலை கடைசி வரிசை இன்னும் மொட்டையாகவே இருந்தது. கண்ணிமை முடியைக் கணக்கில் சேர்த்தும் போதவில்லை.

"என்ன பார்க்கிறீங்க?" என்றார் வண்டம்மா, படுக்கும் நேரத்தில்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா என் பின்னலையே பார்த்துட்டிருக்கீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் வண்டம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து தன் கையாலேயே வலைக்கூண்டைத் திறந்தார். வண்டுகள் வரிசை வரிசையாக ஏறின, வழுக்கின, இறங்கின. கடைசியில் எல்லாம் ஒன்றாக மொட்டை வரிசையை நோக்கிப் போயின. மேலிடத்து ஆள் பேனா மூடியைக் கழற்றினார். அந்த வரிசையின் ஒவ்வோர் இலையிலும் முழங்கால் நீளக் கருங்கூந்தல் தொங்கியது. வண்டுகள் அதில் சிக்கி, மல்லாந்து, காலை உதைத்தன.

வண்டம்மா அப்போதுதான் அழுதார், கூந்தலுக்காக அல்ல. "பாவம், பசியோட கிடக்குதுங்க." கோதுமையாரே ஓடிப்போய்ப் பழைய மொட்டைக் கோதுமையில் ஒரு பிடி இலை பறித்து வந்து போட்டார்.

அந்த வரிசையின் விதையில் நாலில் ஒன்று என்ற பேச்சே எழவில்லை. எல்லாம் கூந்தலோடு முளைத்தன. இருவர் தலையிலும் முடி திரும்ப வளரவில்லை. அறுவடைக்கு முன் வயலுக்குச் சிக்கெடுத்துப் பின்னிவிட வேண்டியிருப்பதால், பண்ணைச் சாமான்களில் மண்வெட்டிக்கு அடுத்தபடி சீப்பு வாங்குகிறார்கள். கோதுமையார் குனிந்து பின்னுவார். வண்டம்மா வரப்பில் நின்று, வகிடு கோணல் என்பார். அவர் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார்.