ஷோனக்கின் கருகிய கஞ்சி

எங்கள் தீவுகளில் ஒரு மெட்டை வாசிக்கும் முன், அதன் பெயரையும் அது பிறந்த கதையையும் மேடையில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் விடாது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் நாசமாய்ப் போக.

கல்யாணமான மறுநாள் காலை என் மனைவி ஷோனக் ஓட்ஸ் கஞ்சியைக் கருக்கிவிட்டாள். அதை வைத்துப் பிடிலில் 'ஷோனக்கின் கருகிய கஞ்சி' என்று ஒரு மெட்டுப் போட்டேன். பேக்பைப்போடு ஆப்பிரிக்க மேளத்தையும் சேர்த்து எங்கள் குழு அதைப் புது ஆல்பத்தில் பதிவு செய்தது. ஆல்பம் வெளிவந்த வாரமே ஷோனக் என்னை விட்டுப் போய்விட்டாள்.

"கதைய மட்டும் மாத்திக்கிறேனே," என்று பாடகி மார்சலியிடம் கெஞ்சினேன்.

"அட்டையிலயே அவ பேரு இருக்குடா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம சொல்லு."

ஊர் ஊராகச் சொன்னேன். ஊர் ஊராகச் சிரித்தார்கள்.

பாரா தீவு ஷோனக்கின் சொந்த ஊர். அங்கே முன்வரிசையில் அவள் அம்மா பெகி உட்கார்ந்திருந்தார். தலைகுனிந்தபடியே கதையைச் சொல்லி முடித்தேன். எல்லோரையும்விட அவர்தான் சத்தமாகச் சிரித்தார்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். "எங்க மாப்ள அவ? போன்ல கேட்டா 'நாங்க நல்லா இருக்கோம்'ங்கறா. ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதா?"

அவளே சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

"சளி பிடிச்சிருக்கு அத்தை."

ஓட்ஸ் ரொட்டிப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். "கருகினதெல்லாம் உங்களுக்கு, நல்லதெல்லாம் அவளுக்கு. ஏமாத்திடாதீங்க."

திரும்பும் கப்பலில் பசித்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்றுகூடக் கருகியிருக்கவில்லை.