பதிமூன்று செவ்வாய்

மனைவி பேபிக்குத் தலை சீவிவிட சிலுவைதாசன் பழகியதில் கடியப்பட்டணத்துக்கே வேடிக்கை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கட்டன்சாயா போட்டறியாத மனுசன். இப்போது காலையில் கடலிலிருந்து வந்ததும் உப்புக் கையைக் கழுவிவிட்டு, மனைவியின் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சிக்கு எடுத்து, எண்ணெய் தடவி, கொண்டை போட்டுவிடுவார். மீன் நறுக்குவது, துணி துவைப்பது, அவளுடைய ரவிக்கையின் கொக்கி மாட்டுவதுவரை எல்லாம் அவர் கைதான். பேபியின் வலது கை கழுத்தில் மாட்டிய நீலத் துணிப் பட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடி மாதக் கடல் சீறிய ஒரு நாளில் அலைத்தடுப்புப் பாறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள் பேபி. எழுந்து உட்கார்ந்து சிலுவை போடப் பார்த்தாள். விரல் நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, இடது தோளுக்குப் போக மறுத்துவிட்டது. தோளுக்குக் கீழே எலும்பு ஒரு கட்டியாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் அதை இழுத்துப் பொருத்தினார்கள். அப்போது அவள் போட்ட அலறல் வெளியே வராந்தாவில் நின்ற சிலுவைதாசனுக்குக் கேட்டது. அங்கேயே புனித அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டார்: 'பதிமூணு செவ்வாய் மெழுகுதிரி கொளுத்துதேன். அதுவரைக்கும் அவ அந்தக் கையால ஒரு துரும்பு எடுக்க விடமாட்டேன். கைய மட்டும் பழையபடி தந்திரும்.'

மூன்று வாரத்தில் பட்டையைக் கழற்றி, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் டாக்டர் சொன்னதா பெரிது, புனிதரிடம் கொடுத்த வாக்கா?

பதிமூன்றாவது செவ்வாய் கோயிலில் திரி கொளுத்திவிட்டு வந்து, பட்டையைத் தானே அவிழ்த்தார். "தூக்கு பாப்போம்" என்றார். பேபி தூக்கினாள். முழங்கை இடுப்பைவிட்டு ஒரு சாண் விலகியது. அதற்குமேல் துருப்பிடித்த கதவு மாதிரி நின்றுவிட்டது.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனார்கள். வடசேரியில் ஒரு மாடியில் இருந்த பிசியோதெரபி நிலையத்தில் ஸ்மைலின் என்ற இளம்பெண் பேபியின் கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். நேர்ச்சைக் கதையைக் கேட்டதும் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் விழித்தாள்.

"நேர்ந்தது யாரு அங்கிள்?"

"நான்தான் மக்கா."

"கை யாருக்க கை?"

சிலுவைதாசன் குனிந்து தன் கையைப் பார்த்தார். பேபி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் எலும்பை எடுத்தாள் ஸ்மைலின். "இடுப்புல பாருங்க, கிண்ணத்துக்குள்ள உருண்டை. லேசுல வெளிய வராது. தோள் அப்படியில்ல. சின்னத் தட்டுல பெரிய உருண்டைய வச்ச மாதிரி. அதனாலதான் கைய எல்லாத் திக்கும் சுத்த முடியுது, அதனாலதான் சட்டுன்னு கழண்டும் போவுது. இத சுத்தி ஒரு சவ்வுப் பை இருக்கு. அனக்காம கட்டிப்போட்டா அது சுருங்கி ஒட்டிக்கிடும். ஆன்டிக்கு இப்ப அதான் ஆகியிருக்கு."

சிலுவைதாசனுக்குச் சட்டென்று புரிந்தது. நனைந்த வலையை விரிக்காமல் மூலையில் சுருட்டிப் போட்டால் காய்ந்து இறுகிவிடும். வெடுக்கென்று இழுத்தால் கிழியும். உட்கார்ந்து பையப் பைய, கண்ணி கண்ணியாகத்தான் பிரிக்க வேண்டும்.

"சரியாவும். மாசக்கணக்கு ஆவும். ஆனா நீங்க இனி ஒரு உதவியும் செய்யாண்டாம்" என்றாள் ஸ்மைலின். "தலை அவங்களே சீவட்டு."

அன்று மாலையே ஷெர்லி வந்தாள். திங்கள்சந்தையில் பேபிக்குப் பக்கத்து இடத்தில் மீன் விற்பவள். "ஏட்டி பேபி, ஒனக்க இடத்துல நான் பெட்டிய வச்சுப் பிடிச்சிருக்கேன். கோயில் திருவிழா முடிஞ்சும் நீ வரலன்னா பிளஸ்ஸி அங்க வந்து இருக்கப் போறாளாம். எல்லாவளும் கேக்காளுவ. நான் எத்தன நாளு மறிச்சு நிப்பேன்?"

பேபி தலையை மட்டும் ஆட்டினாள். முன்பு இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தால் தெருமுனைவரை கேட்கும்படி பதில் சொல்லியிருப்பாள். அவளுடைய குரலைக் கேட்டே சந்தையில் மீன் வாங்க வந்தவர்கள் உண்டு. பட்டைக்குள் கையோடு சேர்த்துக் குரலையும் கட்டிப்போட்டுவிட்டோமோ என்று அன்றைக்குத்தான் சிலுவைதாசனுக்கு உறைத்தது.

பயிற்சி தொடங்கியது. சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்ற வேண்டும். எதுவரை ஏறுகிறதோ அங்கே கரிக்கோடு. சுவரின் உச்சியில் அந்தோணியார் படம். முதல் கோடு அவளுடைய மார்பு உயரத்தில் விழுந்தது. இரண்டாவது கோட்டுக்கு ஏறும்போது பேபி பல்லைக் கடித்தாள். நெற்றியில் வேர்வை. "அம்மோ" என்று ஒரு முனகல் வந்ததுதான் தாமதம், சிலுவைதாசன் பாய்ந்து போய் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க."

"வலிக்குதுல்லா?"

"எனக்கு வலிச்சா நீங்க ஏன் பிடிக்கிய? கட்டிவச்சதும் நீங்க, இப்பத் தாங்குததும் நீங்க. எனக்க கைய எனக்கிட்ட எப்பத் தருவிய?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை அவள் இடது கையால் சீப்பைப் பிடித்து முடியோடு மல்லுக்கட்டியபோதும், அவருடைய கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டார். மறுபடி நீண்டது. கடலில் காற்று எங்கே திரும்பினாலும் படகை அடக்கத் தெரிந்த கைதான். வீட்டுக்குள் அது அவர் சொல் கேட்கவில்லை.

கொடியில் கிடந்த நீலப் பட்டையை எடுத்தார். அந்தோணியார் முன்னால் நின்று தன் வலது கையை அதற்குள் நுழைத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டார். "இன்னும் பதிமூணு செவ்வாய். இந்தத் தடவ எனக்க கைதான். கரையில இருக்கும்போது அவளுக்கு ஒரு உதவியும் செய்யமாட்டேன்" என்றார் சத்தமாக.

பேபி சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு குலுங்க வந்த சிரிப்பு.

ஊர் சும்மா விடுமா? சாயாக்கடையில் ஜான்ரோஸ் கேட்டான்: "என்ன சிலுவண்ணே, ஒமக்கும் தோள்பூட்டு எறங்கிட்டா?"

"எறங்கல. கட்டிவச்சிருக்கேன்."

"யாரு கட்டினா, பேபியக்காவா?"

கடை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இடது கையால் சாயாவைக் குடித்தார். கடலுக்குப் போகும்போது மட்டும் பட்டையைக் கழற்றுவார். கரையேறியதும் மாட்டிக்கொள்வார். வீட்டில் இடது கையால் ஒரே ஒரு வேலை செய்தார். பேபி எட்டி எடுக்கட்டும் என்று தேயிலை டப்பாவைச் சமையலறையில் ஒவ்வொரு தட்டாக மேலே ஏற்றிவைத்தார்.

"எவன்லே டப்பாவ மேல வச்சது?" ஒரு நாள் பேபி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "கட்டின கை கட்டினபடி இருக்கணும் கேட்டியளா! இனி ஒரு தட்டு ஏறிச்சுன்னா ஒமக்குக் கடுங்காப்பியும் கிடையாது!"

சிலுவைதாசன் வாசலில் உட்கார்ந்து அந்தக் குரலை ஆற அமரக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கரிக்கோடுகள் மெல்ல ஏறின. ஒரு வாரம் இரண்டு விரற்கடை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. அந்தோணியாரின் பாதத்துக்குக் கீழே ஒரு முழத்தில் நின்று கொஞ்ச நாள் அழவைத்தன. திருவிழாக் கொடி இறங்கிய வாரம் ஸ்மைலின் சொன்னாள்: "இனி சந்தைக்குப் போலாம். ஆனா தலையில பாதிச் சருவம்தான். அதுக்குமேல ஒரு மீன் கூடாது ஆன்டி. கைய முதுகுப் பக்கமா ஓங்கவும் கூடாது."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை கரையில் ஏலம் முடிந்தது. பேபியின் வாய் அகன்ற அலுமினியச் சருவத்தில் சாளை மீன் பாதிவரை மின்னியது. பாரம் ஏற்றிவிட இன்னொரு பெண் கை கொடுப்பதுதான் கரையின் வழக்கம். ஷெர்லி குனிந்தாள்.

"இதென்ன மீனா, பூனைக்குச் சோறா?"

"பிடிடீ. பேசாத."

சருவம் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. காதருகே வந்தபோது பேபியின் வலது கை நின்றது. சிலுவைதாசனின் கை பட்டைக்குள் துடித்தது. துணி விம்மியது. அவர் மணலில் காலை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். பேபி மூச்சை இழுத்து விட்டாள். சருவம் தலைச்சும்மாட்டில் உட்கார்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தானே போட்ட கொண்டை, ஒரு பக்கமாகச் சரிந்து, இரண்டு இழை வெளியே தொங்கியது. அதைச் சரிசெய்ய அவர் மனம் துறுதுறுத்தது.

மேட்டில் குருசடி, சிலுவை நிற்கும் சின்ன மாடம். சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அங்கே நின்று சிலுவை போட்டுவிட்டுத்தான் ரோடு ஏறுவார்கள். பேபியும் நின்றாள். இடது கையால் சருவத்தைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற சிலுவைதாசனுக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. வலது முழங்கை உயர்ந்தது, தாழ்ந்தது. பிறகு அசைவில்லை. ரோட்டில் நின்ற சந்தை வேனில் ஹாரன் அடித்தார்கள். ஷெர்லி கூப்பிட்டாள். பேபி நகரவில்லை.

இடது தோளின் விளிம்பில், முதலில் ஒரு விரல் நுனி எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. மீன்செதில் ஒட்டியிருந்த அந்த விரல்கள் காலை வெயிலில் பளிச்சென்று மின்னின.