உறையில் விடுபட்ட பெயர்

படைப்பிரிவு அலுவலகத்தில் உறைமேல் விலாசம் எழுதுவது என் வேலை. முதலில் பதவி, பிறகு பெயர், அதன்பின் மனைவி. மனைவி மேஜர், கணவர் கேப்டன் என்றால் அவள் பெயர்தான் மேலே. அப்படிப் போன உறையைத் தூக்கிக்கொண்டு வந்து, "வீட்லதான் அப்படின்னா உறையிலயுமா?" என்று கேட்ட ஒரு புருஷனும் உண்டு. இறந்தவர் என்றால் மனைவி பெயர் மட்டும் போகும். காணாமல் போனவர் என்றால், முடிவு தெரியும்வரை இருவர் பெயரும் இருந்தாகவேண்டும்.

எல்லைக்கு ரோந்து போன ஒரு கேப்டன் திரும்பவில்லை. இரண்டு வருடமாக அவர் வீட்டுக்கு மாதச் சுற்றறிக்கையை இருவர் பெயருக்கும்தான் அனுப்பிவந்தேன்.

ஒருநாள் அவர் மனைவி நேரில் வந்து ஏழெட்டு உறைகளை என் மேஜைமேல் போட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நின்றபடியே பேசினாள்.

"அக்கா, இதெல்லாம் நீங்கதானே எழுதுறீங்க? ஒவ்வொரு தடவையும் என் பொண்ணு, 'அப்பாவுக்கு லெட்டர் வந்திருக்கு, அப்ப அப்பா வரப்போறாரு'ன்னு வாசல்ல போய் நிக்கிறா. இனிமே என் பேரை மட்டும் எழுதுங்க."

"விதி அப்படிம்மா."

"எந்த விதிக்கா? உங்க ஆபீஸ் விதியா, என் தலைவிதியா?"

மேலதிகாரியைக் கேட்டேன். முடியவே முடியாது என்றார். அடுத்த உறையில் அவருக்குத் தெரியாமல் அவள் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவளுடைய மாமனார் அந்த உறையோடு வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"என்னதுங்க ஐயா?"

"எம் புள்ள விஷயம். பேரை எடுத்துட்டீங்களே."

"ஐயா, ஒரு தகவலும் வரல. உங்க மருமக கேட்டாங்கன்னு நானாத்தான் எழுதினேன்."

"மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. நானும் இருபது வருஷம் பட்டாளத்துல இருந்தவன்தாம்மா. எந்த உறை யாருக்குப் போகும்னு தெரியும்."

மேலதிகாரியை அழைத்து வந்தேன். அவரும் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப அதை எழுத்துல குடுங்க" என்றார் பெரியவர்.

"செய்தி இருந்தா எழுதிக் குடுக்கலாம். இல்லைன்னு எழுதிக் குடுக்க வழியில்லைங்க" என்றார் மேலதிகாரி.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கேப்டனின் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார் பெரியவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நான்தான் கேட்டேன். உங்க கையெழுத்துன்னும் தெரியும். ஆனா கையில வாங்கினதும் நானே நம்பிட்டேன்க்கா."

"தப்பு என்னுதும்மா. அடுத்த மாசம் அவர் பேரையும் சேர்த்தே எழுதிடறேன்."

"வேண்டாம். பொண்ணு நேத்துதான் அழுது ஓய்ஞ்சா. மறுபடியும் அவளை வாசல்ல நிக்க வைக்காதீங்க."

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

மேலதிகாரி என்னைக் கண்டித்ததோடு விட்டுவிட்டார். ஆனால் உறைகளை அனுப்புமுன் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். மறுமாதம் அவர் கண்முன்னே இரண்டு பெயரையும் எழுதினேன். நாலாம் நாள், 'வாங்க மறுத்தார்' என்ற தபால்காரர் குறிப்போடு உறை திரும்பி வந்தது.

இன்றுவரை கேப்டனைப் பற்றித் தகவல் இல்லை. மாதாமாதம் எழுதுகிறேன். மாதாமாதம் திரும்பி வருகிறது.