ஏழாம் கட்டம்

கால் புதையப் புதைய நாற்பத்திரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறார்கள், தேரிக்காட்டின் செம்மணல் சுடிதார் நுனிவரை ஏறிவிட்டது, காற்று அவர்கள் பின்னலைப் பிடித்து இழுக்கிறது, நான் கையைத் தட்டிச் சொல்கிறேன், கண்ண மூடித் தொறங்க, இப்ப நீங்க நிக்கது செவ்வாய் கிரகம், பனைமரத்த மட்டும் மறந்துருங்க, கடைசி பெஞ்சு சுயம்புக்கனி உடனே, பனைய மறந்துட்டா எங்கப்பா சோத்துக்கு என்ன செய்வாவ டீச்சர் என்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும். இருபத்து மூன்று வருஷமாக இதே மணல், இதே பாடம், எது எந்த வருஷம் என்பது குழம்பிவிடுகிறது, சுயம்புக்கனி இருக்கிறாள் என்றால் அது இந்த வருஷம்தான். அங்கே ஒரு மலை உண்டு, எவரெஸ்டைவிட இரண்டரை மடங்கு உயரம், ஆனால் பரந்து கிடப்பதால் அதன்மேல் நிற்பவருக்குத் தான் மலைமேல் நிற்பதே தெரியாது, ஒரு பள்ளத்தாக்கு உண்டு, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை போட்டாலும் மிச்சம் இருக்கும், பகலில் வானம் செம்மஞ்சள், பொழுது சாயும்போது மட்டும் நீலம், பூமியிலிருந்து போன வண்டி அங்கே ஒண்டியாக ஊர்கிறது, நாம் ஒன்று சொன்னால் அதற்குக் கேட்கவே சில சமயம் இருபது நிமிஷம், பதில் வர இன்னொரு இருபது. பாவம்லா டீச்சர், பேச்சுக்குப் பேச்சு பேச ஆளில்லாம, என்றாள் ஒருத்தி. நாற்பது நிமிஷத்தில் பதில் வந்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன், என் வீட்டில் நான் பேசினால் பதிலே வருவதில்லை.

பிறகு காலாண்டுத் தேர்வு, செவ்வாயில் மனிதர் ஏன் வாழ முடியாது என்ற கேள்விக்கு, அங்கே தோஷம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள் சுயம்புக்கனி, ஆசிரியர் அறையே விழுந்து விழுந்து சிரித்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பில்தான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதே அறையில், அதே ஜன்னலோரத்தில், முன்பு அருணகிரி சார் உட்கார்ந்திருப்பார், இயற்பியல், சட்டைப்பையில் எப்போதும் மை கசிந்திருக்கும், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவர் கேட்டபோது எனக்கு இருபத்தாறு வயது, எனக்குச் செவ்வாய் ஏழில் என்றேன், பூகோளம் படிச்சிருக்கிய டீச்சர், நீங்களுமா இத நம்புதிய, என்றார். நம்பல சார், ஆனா ஒங்க உயிர வச்சு நான் பரீட்சை பாக்க மாட்டேன், என்றேன். அவர் அடுத்த ஜூனில் தென்காசிக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார், இப்போது அவர் மகன் கல்லூரிக்குப் போகிற படம் செல்பேசியில் வருகிறது, நான் பார்த்துவிட்டு எதுவும் எழுதுவதில்லை.

அந்த விடைத்தாளை நினைத்துத்தான் மறுவாரம் வகுப்பின் பெரிய திரையில் வானத்தைப் போட்டேன், தேதியும் நேரமும் கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டும் செயலி, நீங்க பொறந்தப்ப செவ்வாய் எங்க நின்னுச்சுன்னு நீங்களே பாருங்க, கிழக்கில் உதிக்கிற ராசி லக்னம், நேரெதிரே மேற்கில் இறங்குவது ஏழாம் வீடு, இவ்வளவுதான் விஷயம், பயப்பட என்ன இருக்கிறது. ஒவ்வொருத்தியாகக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள், சுயம்புக்கனி மட்டும் வரவில்லை, கடைசியில் யாரோ, டீச்சர் ஒங்களுக்கு, என்றார்கள். எழுபத்தேழு, தை பதினொன்று, இரவு எட்டு மணி, தட்டினேன். மேற்கே இறங்கிக்கொண்டு ஒன்று பளிச்சென்று நின்றது, அது சுக்கிரன். செவ்வாய் அங்கே இல்லை, வானத்திலேயே இல்லை, சூரியனுக்கும் முன்னாலேயே இறங்கிப்போயிருந்தது. ஏழாம் வீட்டில் சுக்கிரன், ஐந்தில் செவ்வாய். எங்க டீச்சர் காணல, என்றார்கள் பிள்ளைகள், நம்ம காலுக்குக் கீழ இருக்கும்மா, என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் பக்கம் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து ஜாதக நோட்டை எடுத்தேன், மூலையில் மஞ்சள் இன்னும் இருந்தது, ஏழாம் கட்டத்தில் செ, ஐந்தாம் கட்டத்தில் சு, இரண்டும் என் கையெழுத்து. எட்டாம் வகுப்பு லீவில் கரையான் அரித்த பழைய தாளை அப்பா என்னிடம் தந்தார், எம்மா ஒங் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நீயே எழுது, என்றார், நான் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன், அவர் பழைய தாளைத் திருச்செந்தூர்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பியதெல்லாம் இந்த நோட்டைத்தான், அப்பா சாகும்வரை மார்போடு வைத்துக்கொண்டு அலைந்ததும் இதைத்தான். அழுதேன், அப்பாவை நினைத்து அழுகிறேனா என்னை நினைத்தா என்று தெரியவில்லை, இடம் மாற்றி எழுதிய பதின்மூன்று வயதுப் பிள்ளையை எப்படித் திட்டுவது. பிறகு ஒரு ஆளுக்கான சோற்றை வடித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் சுயம்புக்கனி தனியாக வந்தாள், உள்ளங்கையில் பேனாவால் தேதியும் நேரமும் எழுதியிருந்தது, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருக்காவ டீச்சர், எனக்கு மட்டும் பாருங்க. தட்டினேன், எனக்கு நேர்ந்த மாதிரி இவளுக்கும் தப்பாக இருக்கட்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேதான் தட்டினேன், திரையில் மேற்கு வந்தது, அடிவானத்தை ஒட்டிச் சின்னதாகச் சிவப்பாக அது நின்றது, சரியாக ஏழாம் வீடு. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள், நெசமாவே இருக்குல்லா டீச்சர், என்றாள். இருக்கு, இருந்தா இருந்துட்டுப் போட்டும், அது வெறும் மண்ணுருண்ட, என்றேன். அவள் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு மணியடித்ததும் ஓடிவிட்டாள். இருந்துட்டுப் போட்டும் என்று சொல்ல எனக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை, அருணகிரி சாரிடம் சொல்லியிருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.