ஒரே சொல்லால் கெட்ட பூனை

அன்று காலை எங்கள் குஷன் கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மருமகள், நாற்காலியைப் பார்க்க வந்த பல் டாக்டர், மருமகள் வளர்க்கும் பூனை. வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் மெத்தை தைத்துப் போன நாற்காலி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அந்தப் பேரைக் கெடுக்க, ஒரு வயதுகூட ஆகாத பூனை கிளம்பியிருந்தது. பத்து நாளாக, எந்த நாற்காலியை முடித்து வைத்தாலும் அதன் முதுகில் ஏறிப் பிறாண்டியது. தண்ணீர் தெளித்தேன், நக்கிக்கொண்டது. கையைத் தட்டினேன், கச்சேரி கேட்பது போல உட்கார்ந்திருந்தது. அதட்டினால் மட்டும் நகத்தை இன்னும் ஆழமாக இறக்கியது.

டாக்டர் துணியைத் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு பெரியவரே. சாயங்காலம் வண்டி அனுப்பறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பூனை நாற்காலியின் முதுகில் இருந்தது.

"இந்தா," என்றேன். ஒரு பிறாண்டல்.

"இந்தா, இறங்கு." இரண்டு பிறாண்டல். கூடவே தொண்டைக்குள் குர்குர் என்று ஒரு சந்தோஷம்.

மூன்றாவது 'இந்தா' தெருமுனை வரை கேட்டிருக்கும். துணியில் நூல் நூலாகக் கிளம்பியது.

"மாமா, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க," என்றாள் மருமகள்.

"ஏன், என் கடையில நான் பேசக்கூடாதா?"

"அதுக்கில்ல மாமா. மீன் வைக்கும்போது நான் 'இந்தா, இந்தா'ன்னுதான் கூப்பிடுவேன். நீங்க திட்டறீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? சாப்பாடு வருதுன்னு நினைக்குது."

பத்து நாளாக நான் அதை விருந்துக்கு அழைத்திருக்கிறேன்.

என் மனைவி ஊசியில் நூல் கோத்தபடி, "நாப்பது வருஷமா என்னையும் 'இந்தா'ன்னுதான் கூப்பிடறாரு டாக்டர். நான் எதையாவது பிறாண்டினேனா?" என்றாள்.

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"வண்டி அனுப்ப வேண்டாம். முதுகுத் துணிய மாத்தி நாளைக்கு நானே கொண்டுவரேன்."

"ரெண்டு நூல்தானே பெரியவரே. யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேன்."

மருமகள் ஒரு பலகையில் சணல் கயிறு சுற்றிச் சுவரோரம் நிறுத்தினாள். அதில் பிறாண்டினால் 'இந்தா', ஒரு துண்டு மீன். நாற்காலியில் ஏறினால், யாரும் வாய் திறக்காமல் தூக்கி இறக்கிவிட வேண்டும். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாக இருந்தேன். நான்காம் நாள் பூனை தானாகவே பலகைக்குப் போனது.

டாக்டரின் நாற்காலி கிழிந்து திரும்பி வந்துவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு. பொய். முதுகு மாற்றிய பிறகுதான் அது கடைப்படி இறங்கியது. இன்றும் அவர் அறையில் இருக்கிறது. பூனையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்பதும் பொய். 'இந்தா' என்றுதான் சொன்னேன். அப்போது என் கையில் மீன் இருந்தது.