மார்க்கருக்கு முன்வாசல்

செபஸ்தியானின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. விறைத்துப்போயிருந்தது. அவன் மனைவி செல்வம்மாள் சிறிது நேரம் மல்லுக்கட்டிப் பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்துச் சட்டையின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். மகள் லூசி தோளைத் தூக்கிப் பிடிக்க, முன்பக்கமாகப் போர்த்தி ஓரங்களை உடம்புக்கடியில் செருகிவிட்டாள். வெளியே முற்றத்தில் ஆம்பிளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாவு வீட்டில் அழுகைதான் கேட்க வேண்டும். தீவின் கராச்சர்மா கிராமத்தில் இந்த ஒரு வீட்டில் மட்டும் விடிந்ததிலிருந்து சிரிப்பு. டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒவ்வொருவனும் செபஸ்தியானைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தான். சொல்லாமல் போனால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

செபஸ்தியானுக்கு டவுன் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கர் வேலை. மேசையைத் துடைக்க வேண்டும், பந்தை எடுத்து வைக்க வேண்டும், யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று போர்டில் குறிக்க வேண்டும். சம்பளம் அதற்கு. பேர் வாங்கியது வேறொன்றுக்கு. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் காண்டிராக்டர்களுக்கும் ஆபீசர்களுக்கும் சாயங்காலம் பொழுது போகாது. ஆட ஜோடி கிடைக்காமல் மார்க்கரைக் கூப்பிடுவார்கள். செபஸ்தியான் விளக்குமாற்றைப் பிடிப்பதுபோல் கோலைப் பிடிப்பான். தோற்பான். முதல் நாள் பந்தயத்தில் குடை போகும், மறுநாள் டார்ச் லைட் போகும். கப்பல் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம்தான் அவன் கை திருந்தும். அன்றைக்கு எதிராளியின் கைக்கடிகாரம், சூட்கேஸ், கம்பளிக் கோட்டு எல்லாம் மேசைக்கு வந்துவிடும். இன்னொரு ஆட்டம் போடலாம் என்று கேட்கவும் வழியில்லை. காலையில் கப்பல் சங்கு ஊதிவிடும். தோற்றவன் மதராஸில் இறங்கி எவ்வளவு திட்டினால்தான் இங்கே யாருக்குக் கேட்கும்?

"கல்கத்தா காண்டிராக்டர் கதை தெரியும்லா?" என்று உதயசூரியனின் குரல் கேட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். செபஸ்தியானின் நிழலாகத் திரிந்தவன்.

செல்வம்மாளின் கை நின்றது.

"மூணு நாளா தோத்துக்கிட்டே இருக்காரு நம்ம ஆளு. கடைசில வீட்ல இருந்த தையல் மெஷினத் தூக்கிட்டு வந்துட்டாரு. அதையும் வேணும்னே தோத்தாரு. கப்பல் சனிக்கிழமதான, வெள்ளிக்கிழம சாயங்காலம் மொத்தமா வாரிருவோம்னு நெனப்பு. புயல் வருதுன்னு கப்பல வியாழக்கிழமையே விட்டுட்டான் பாரு. மெஷின் கல்கத்தா போயிட்டு."

முற்றம் குலுங்கியது. எவனோ சிரிப்பு தாளாமல் இருமினான்.

அது அவள் மெஷின். கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கிக் கொடுத்து, தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி, கப்பலேறி, வாந்திக்கு நடுவிலும் காலால் அணைத்துக்கொண்டு வந்த மெஷின். அது போனபிறகு அக்கம்பக்கத்து ரவிக்கைகளைக் கையால்தான் தைத்தாள். விரல் நுனியெல்லாம் பொத்தலாகிவிட்டது. அதற்கு ஈடாக அந்த மனுஷன் ஜெயித்துக்கொண்டு வந்தது ஒரு ரேடியோப் பெட்டி. வீட்டுக்குக் கரண்டே வரவில்லை. மாதா சுரூபத்தை அதன்மேல் தூக்கி வைத்தாள், வேறென்ன செய்ய. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இவர்கள் வீட்டிலிருந்து ஒரு கரண்டி போயிருந்தால் சிரிப்பார்களா?

அவள் வெளியே வந்ததும் சிரிப்பு அடங்கியது.

"லாரி எப்ப வருது?"

"இப்ப வந்திரும் மதினி," என்றான் உதயசூரியன், எழுந்து நின்று. "ஒரு விஷயம். போற வழில கிளப்புல ஒரு அஞ்சு நிமிஷம் எறக்கி வச்சிட்டுப் போவமா? எல்லாரும் ஆசப்படுதாங்க."

"வேண்டாம். நேரா கோயிலுக்குப் போணும். சாமியார் பூசைக்குக் காத்திருப்பாவ."

"அது அவரு ராஜ்யம் மதினி."

"உசுரோட இருந்தவரைக்கும் அங்கதான கெடந்தாவ. நல்ல நாளு பெரிய நாளுக்குக்கூட நானும் எம்மவளும் மூஞ்சியப் பாத்தது கெடையாது. இன்னைக்கு ஒரு நாளாவது வீட்டு ஆம்பிளையாப் போவட்டும்."

அப்போதுதான் கிளப் பியூன் ஜெகநாதன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தான். மூச்சு வாங்கியது. நல்ல சேதி கொண்டுவந்தவன் முகம்.

"செகரெட்டரி சாப் ஒத்துக்கிட்டாரு. பின்கேட்டுல அஞ்சு நிமிஷம் வச்சுக்கலாம்னு சொன்னாரு. முன்னால மெம்பருங்க ஜீப் வந்து போகும், லேடீஸ் இருப்பாங்க, அதனால பின்னால."

"பாத்தியளா மதினி, அவங்களே மனசு வச்சிட்டாங்க," என்றான் உதயசூரியன்.

"அங்க போய்க் கேக்கச் சொல்லி ஒங்ககிட்ட நான் சொன்னனா?" செல்வம்மாள் ஜெகநாதன் பக்கம் திரும்பினாள். "பின்கேட்டுல என்ன இருக்கு?"

"கிச்சன்தான் அக்கா. வெறகு, கோழிக்கூடு." அவன் சாதாரணமாகச் சொன்னான். "மார்க்கரும் அந்த வழியாத்தான வருவாரு, போவாரு."

செல்வம்மாளுக்கு இது தெரியாது. படியேறினால் வாசல் காவல்காரன் சௌக்கிதார் சல்யூட் வைப்பான், போர்ட்டிகோவில் ரோஜாத் தொட்டி இருக்கும், கலெக்டர் மாதிரி ஆட்கள் எழுந்து வழிவிடுவார்கள் என்றுதான் அந்த மனுஷன் சொல்லியிருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான். லூசி வாயைப் பிளந்து கேட்பாள். அவளும் அடுப்படியில் கேட்காதவள்போலக் கேட்டிருக்கிறாள். ஊரையெல்லாம் ஏமாற்றியவன் வீட்டையும் ஏமாற்றித்தான் இருந்திருக்கிறான். ஆனால் அவளுக்குக் கோபம் அவன்மேல் வரவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டினவர்கள், அவன் பேரைச் சொல்லிக் குடித்தவர்கள், செத்தபிறகும் அவனைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவைக்கச் சொல்கிறார்கள். இந்தக் கூட்டாளிகள் அதை வரமாக வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

"சரி," என்றாள். "கிளப்புக்குப் போவோம்."

படாக் மரத்தில் செய்த சவப்பெட்டியை லாரியில் ஏற்றினார்கள். அவள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளப் மதிலை ஒட்டிப் பின்பக்கம் போகும் மண்பாதை வந்தபோது டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

"நேராப் போப்பா."

முன்கேட்டில் சௌக்கிதார் கையைக் குறுக்கே நீட்டினான். "பீச்சே, பீச்சே," என்று பின்பக்கம் போகச் சொன்னான்.

செல்வம்மாள் இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த இந்தியெல்லாம் மீன் கடையில் கற்றது. "மார்க்கர் ஆயா ஹை. கேட் கோலோ," என்றாள், மார்க்கர் வந்திருக்கிறார், கேட்டைத் திற என்று. அவன் லாரிக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு கேட்டின் இரண்டு கதவையும் திறந்தான்.

ஆம்பிளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போர்ட்டிகோ படிவரை வந்து தயங்கினார்கள். படிமேல் வராந்தாவில் அப்போதுதான் கழுவிவிட்ட தரை ஈரமாக இருந்தது. ஓரத்தில் நாலு பிரம்பு நாற்காலிகள்.

"நாற்காலிய இழுத்துப் போடுங்க."

"மெம்பர் சேர் மதினி," என்றான் உதயசூரியன் தணிந்த குரலில். "மார்க்கரே அதுல உக்காந்தது கெடையாது. எவ்வளவு நேரமானாலும் நின்னுக்கிட்டேதான் இருப்பாரு."

செல்வம்மாள் படியேறிப் போய் ஒரு நாற்காலியை இழுத்தாள். லூசி இன்னொன்றை இழுத்தாள். தலைமாட்டுக்கு இரண்டு, கால்மாட்டுக்கு இரண்டு. பெட்டி ஏறியபோது பிரம்பு நெரிந்து சத்தம் போட்டது. செல்வம்மாள் பெட்டியோரமாக ஈரத்தரையில் உட்கார்ந்து, செபமாலையை எடுத்து ஐம்பத்துமூன்று மணிச் செபத்தைத் தொடங்கினாள்.

இரண்டு மூன்று குரல்கள்தான் முதலில் சேர்ந்தன. திருநீறு பூசும் சைவக்காரனான உதயசூரியனும் கைகட்டி நின்றான். உள்ளேயிருந்து செகரெட்டரி பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டே வேகமாக வந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு ஜீப் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"யே க்யா ஹை?" இதென்ன என்று கேட்டார். செல்வம்மாள் தலையைத் திருப்பவில்லை. செபத்தை நிறுத்தவும் இல்லை.

"கித்னா டைம் லகேகா?" எவ்வளவு நேரமாகும் என்று ஜெகநாதனிடம் கேட்டார்.

"இப்பத்தான் அம்பத்துமூணு மணிச் செபத்துல மொதல் பத்து ஆரம்பிச்சிருக்கு சார்," என்றான் ஜெகநாதன், இந்தியை மறந்து.

செகரெட்டரி உட்காருவதற்காகத் திரும்பிப் பார்த்தார். நாலு நாற்காலியும் பெட்டிக்கு அடியில் இருந்தன. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தூணோரமாக நின்றார்.